கொழுந்து மலையில் முதல் நாள்

மலைவழி காட்டுதல் தமிழருக்குப் புதிய தொழிலன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் முழுவதும் அதுவே. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கு அம்மன்னனுடைய மலைநாட்டுக்குப் போகும் வழியைச் சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எங்கே, எவ்விடத்திற் கால் வழுக்கும், எந்தச் சிற்றூரில் எவர் உணவு தருவர் என்பவற்றையெல்லாம் ஒன்றும் விடாமற் சொல்கிறான். பெருங்கௌசிகனார் பாடிய அந்த 583 அடிகளைப் பற்றி மாணாக்கருக்குப் பலமுறை விரித்துரைத்திருக்கிறேன். ஆயினும் வழிகாட்டி ஒருவரின் பின்னால் ஒரு மலையில் நான் நடந்தது என் அறுபத்துமூன்றாவது வயதிலேதான். அதுவும், நான் பிறந்த மலையில்.

ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் நெடும் நடைபாதையொன்று மத்திய மலைநாட்டில் இப்பொழுது இருக்கிறது. ‘பீக்கோ டிரெயில்’ என்பது அதன் பெயர். முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளம், 22 பகுதிகள். இலங்கையில் நெடுங்காலம் வாழ்ந்த மிகுவெல் குனாட் என்ற ஸ்பானியரின் எண்ணத்தில் முளைத்து, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா ஆகியவற்றின் உதவியோடு உருவானது. புதிதாக வெட்டிய வழியன்று. தோட்டங்களுக்குள் பழங்காலந்தொட்டு இருந்த வண்டிப்பாதைகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் ஒன்றோடொன்று இணைத்துக் குறியிட்டிருக்கிறார்கள். வெளிநாட்டார் பலர் பணங்கொடுத்து இதில் நடக்க வருகிறார்கள். நோர்வுட்டிலிருந்து பொகவந்தலாவை, அங்கிருந்து டயகமை, பின்னர் ஹோர்ட்டன் சமவெளி என மூன்று நாள் நடப்பதென்று நானும் முடிவு செய்தேன். முதல் நாளைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். எனக்கு வேண்டிய பாடம் அந்த ஒரு நாளிலேயே கிடைத்துவிட்டது.

ஹட்டன் மேடையில்

2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒருநாள் மாலை ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கினேன். அது சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். வெள்ளுடை அணிந்த யாத்திரிகர் கூட்டம் மேடை முழுவதும் நிறைந்திருந்தது. மூட்டைகளின்மேல் குழந்தைகள் உறங்கின.

அதே மேடையில் 1973இல் நான் நின்ற நாள் வேறுவிதமானது. அன்றும் மூட்டைகள் இருந்தன. எங்கள் தாய்மாமன் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதரைக் கணக்கிட்டுப் பங்கு போட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்பது ஏற்பாடு. 1974இல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாருக்குச் செல்ல மலைநாட்டிலிருந்து புறப்பட்ட வண்டிக்கு எங்கள் சனங்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டி நகர்ந்தபொழுது என் அம்மா அதன் கூடவே ஓடினாள். மேடை முடியும் இடத்தில் நின்றுவிட்டாள். மாமன் கோத்தகிரியில் மறுபடியும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தார் என்று பின்னர் கடிதம் வந்தது.

அந்தக் காலத்தில் நான் ஹட்டனில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன். அதன்பிறகு படிப்பு, ஆசிரியர் கலாசாலை, உத்தியோகம், கண்டியில் வீடு என்று வாழ்க்கை பள்ளத்தாக்கைவிட்டு இறங்கியது. அம்மா இருந்தவரை திருவிழாவுக்குப் போவேன். அவள் போனபின் அதுவும் நின்றது.

“தமிழிலே சொல்லுங்கள்”

மறுநாட் காலை ஆறரை மணி பஸ்ஸில் டிக்கோயா வழியாக நோர்வுட்டை அடைந்தேன். பஸ்ஸில் பாதிப் பேர் நல்லதண்ணிக்குப் போகும் யாத்திரிகர். நோர்வுட் கடைத்தெருவில் என் வழிகாட்டி காத்திருந்தார். இருபத்தாறு வயது இளைஞர். அப்பள்ளத்தாக்கின் தோட்டமொன்றில் பிறந்தவர். உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் நின்றிருக்கிறார். 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் கடை பூட்டப்படவே ஊருக்குத் திரும்பி, பிறகு இந்தத் தொழிலைப் பழகிக்கொண்டார்.

பாலத்தைக் கடந்து ஏறத் தொடங்கியதும் அவர் ஓரிடத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். கீழே தெரிவது கெஹெல்கமு ஓயா. பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்து காசல்ரி நீர்த்தேக்கத்தில் விழுகிறது. பின்னர் மஸ்கெலி ஓயாவோடு கூடிக் களனி கங்கையாகிறது. இப்பள்ளத்தாக்குக்குத் ‘தேயிலையின் தங்கப் பள்ளத்தாக்கு’ என்ற பெயருண்டு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் முதன்முதல் வர்த்தகத்துக்காகத் தேயிலை பயிரிட்டார். ‘பீக்கோ’ என்பது குருத்தின்மேலுள்ள வெண்மையான மயிரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. எல்லாம் சரியான செய்திகள். உச்சரிப்பும் நன்றாக இருந்தது.

“தம்பி, இதைத் தமிழிலே சொல்லுங்களேன்” என்றேன்.

அவர் சிரித்தார். பின் தயங்கினார். “சேர், இதத் தமிழ்ல நான் யாருக்குஞ் சொன்னதில்ல. தமிழாளுங்க நடக்க வாறதில்லயே” என்றார்.

சொல்லிப் பார்த்தார். இரண்டு வாக்கியம் போனதும் தடைப்பட்டது. பாடமாக்கிய ஆங்கில வசனங்களைப் பத்திரிகைத் தமிழில் மாற்ற முயன்று, ‘உயிர்ப்பல்வகைமை’ என்ற சொல்லில் இடறி, “வேணாம் சேர், இங்கிலீசே நல்லம்” என்று கைவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. இருவரும் பேசாமல் நடந்தோம்.

போட்டது யார்?

சிறிது தூரத்தில் பாதை கல் பாவியதாக மாறியது. மேட்டுப் பக்கம் கருங்கல்லை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பியிருந்தது. சுண்ணாம்பு இல்லை, சீமெந்து இல்லை. பல ஆண்டு மழையைத் தாங்கியும் ஒரு கல்லும் பெயரவில்லை.

“இது பிரிட்டிஷ்காரங்க போட்ட பாத, சேர்” என்றார் வழிகாட்டி.

“அவர்களில் யார் போட்டது?”

“தொரமாருங்கதான்.”

“துரை கையிலே அலவாங்கு இருந்ததா, தம்பி?”

அவர் நின்றார். சுவரைப் பார்த்தார். பிறகு, “எங்க தாத்தா கான் வெட்டுறதுல கெட்டிக்காரராம் சேர். அப்பா சொல்லுவாரு. தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு ஈரமண்ணக் கையால அள்ளிப் பாத்தே சொல்லிருவாராம்” என்றார். அவ்வளவுதான். அதன்பின் அவருடைய தமிழ் தடைப்படவில்லை.

மலைச்சரிவில் விழும் மழை மண்ணை அரித்துக்கொண்டு போகாமல், சாய்வுக்குக் குறுக்கே எத்தனை அடிக்கு ஒரு கான் வெட்டவேண்டும், அந்தக் கானுக்குள் மண்ணைத் தடுக்கும் குழிகள் எப்படி அமையவேண்டும் என்று விளக்கினார். கவ்வாத்து வெட்டும்போது கத்தியை எந்தச் சாய்வில் வீசினால் தண்டு பிளவாது என்று கையை வீசிக் காட்டினார். ஏழெட்டு நாளைக்கொருமுறை ஒரு மலையின் கொழுந்து எடுக்கப்படாவிட்டால் இலை முற்றிவிடும் என்றும், நாலரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலைத் தூளாக வற்றும் என்றும் சொன்னார். ஆங்கிலத்தில் அவர் ஒப்புவித்தது புத்தகத்தின் அறிவு. இது வீட்டு அறிவு.

நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த மலைகளில் முதலில் விளைந்தது தேயிலையன்று, கோப்பி. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில் மட்டும் நிறைய ஆள் வேண்டும். ஆகையால் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள், பருவம் முடிய ஊர் திரும்புவார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடை. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலே விழுந்தவர் பலர். 1869இல் கோப்பி இலையில் நோய் தோன்றியது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவமென்று ஒன்றில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து வரும். ஆகையால் ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், பெண்ணும் வேண்டும், குடும்பத்தோடு லயத்தில் இருக்கவேண்டும். நாம் இந்நாட்டின் நிரந்தரக் குடிகளானதற்கு ஓர் இலையில் வந்த நோயும் ஒரு காரணம்.

“இதெல்லாம் பள்ளிக்கூடத்துல படிச்சமாதிரி ஞாபகமில்லயே சேர்” என்றார் அவர்.

அவர் மறந்ததில் வியப்பில்லை. முப்பத்திரண்டு ஆண்டு வரலாறு கற்பித்த நான் இதை எத்தனை பாடவேளை கற்பித்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் இரண்டு பந்தி இருந்தது. இரண்டு பந்தியை வாசித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருக்கிறேன். மாணாக்கரை அநுராதபுரத்துக்கு அழைத்துச் சென்றேன். சிகிரியாவுக்கு அழைத்துச் சென்றேன். திருக்கோணேசுவரத்துக்கும் அழைத்துச் சென்றேன். பாடசாலை வாசலுக்கு எதிரே ஏறும் தேயிலைப் பாதையில் ஒருநாளும் அழைத்துச் செல்லவில்லை.

ஓர் அறைக்குள் மூன்று அரசுகள்

பாதை ஒரு லயத்தின் முன்னால் சென்றது. நீளமான ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் என்பதே பழைய கணக்கு. ‘லயம்’ என்பது ஆங்கிலேயரின் ‘லைன்’. உள்ளறையைக் ‘காம்பிரா’ என்கிறோம். அது போர்த்துக்கேயர் சொல். முன்திண்ணை ‘இஸ்தோப்பு’; அது ஒல்லாந்தர் சொல். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் ‘பெரட்டு’ இராணுவத்தின் ‘பரேட்’. இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய அரசுகளும் எங்கள் பத்தடி அறையைச் சுற்றிச் சொல்லாக நிற்கின்றன. மொழியியல் மாணவர் எவரும் இங்கே ஒரு மாதம் தங்கினால் ஒரு நூல் எழுதலாம்.

லயத்துக்கு அப்பால் தனித்தனி வீடுகள் சில தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் ஏழு பேர்ச் நிலம். இந்திய அரசின் உதவியோடு மலைநாட்டில் இத்தகைய வீடுகள் கட்டப்பட்டு வந்தன. 2017 மே மாதத்தில் இதே நோர்வுட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். அந்த வீடுகளில் ஒன்றில்தான் எங்களுக்கு மதிய உணவு. வழிகாட்டிக்குச் சின்னம்மா முறையான பெண்மணி சுடச்சுட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். வாசலில் இரண்டு பூக்கன்றுகள், ஒரு வரிசை லீக்ஸ். “லயத்துல பக்கத்துக் காம்பிராவுல இருமுனா இங்க கேக்கும். இப்ப ராத்திரியில ஒரு சத்தமும் இல்ல. மொத மாசம் பயமா இருந்திச்சி” என்றார். வீட்டு உறுதி கைக்கு வந்துவிட்டதா என்று கேட்டேன். “வீடு இருக்கு. உறுதி வரும்னுதான் சொல்றாங்க” என்று கூறித் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார்.

தொரை வாறாரு

உச்சிவெயில் சாயும் நேரத்தில் ஒரு திருப்பத்தைக் கடந்தோம். மேலே மலைமுழுவதும் பெண்கள். தலையிலிருந்து தொங்கும் கூடை, இடுப்பில் படங்கு, நிரை பார்க்கும் மட்டக்கம்பு. இருபது பேர் இருக்கலாம். பேச்சும் சிரிப்புமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நிழலுக்காகத் தொப்பி வைத்திருந்தேன், கையில் ஊன்றுகோல், காலில் நடைக்கென்று வாங்கிய கனத்த சப்பாத்து. யாரோ ஒருத்தி என்னைக் கண்டுவிட்டாள்.

“ஏ, சும்மா இருங்கடி. தொர வாறாரு.”

பேச்சு நின்றது. கைகள் விரைந்தன. ஒருத்தி தலைத்துணியைச் சரிசெய்தாள்.

வாசகர்களே, முப்பத்திரண்டு ஆண்டு ஆசிரியத் தொழிலில் எத்தனையோ மரியாதைகளைப் பெற்றிருக்கிறேன். அந்த மௌனத்தைப்போல என்னைச் சுட்டது வேறொன்றுமில்லை. அதே கூடையின் கயிறு என் அம்மாவின் உச்சந்தலையில் ஒரு பள்ளத்தை உண்டாக்கியிருந்தது. எண்ணெய் வைக்கும்போது என் விரல் அதில் பதியும். அவள் மகனைக் கண்டு அவளைப் போன்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

தொப்பியைக் கழற்றினேன். “நான் தொர இல்லம்மா. கொழுந்து எடுத்தவ மகன்தான்” என்றேன். குரல் நான் நினைத்தபடி வரவில்லை.

முன்வரிசையில் நின்ற முதியவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும். சேவைக்காலம் முடிந்தபின்னும் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவள் என்று பின்னர் அறிந்தேன். எந்தத் தோட்டம், எந்த லயம் என்று விசாரித்தாள். சொன்னேன். அம்மாவை அவளுக்குத் தெரியாது, தோட்டத்தைத் தெரியும். அது போதுமாயிருந்தது.

“அப்ப எங்க போறீங்க, வாத்தியாரே?”

“பொகவந்தலாவைக்கு.”

“பஸ் இல்லயா?”

“இருக்கு. நடந்து பார்ப்பமென்று வந்தேன்.”

“சும்மாவா?”

“சும்மா இல்ல. காசு குடுத்து.”

அவள் வழிகாட்டியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். முதியவள் திரும்பி மற்றவர்களிடம் உரக்கச் சொன்னாள்: “கேட்டீங்களாடி? நம்மளுக்கு இந்த மலையில நடந்தாத்தான் காசு. இவரு காசு குடுத்து நடக்கிறாராம்!”

மலை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பொழுதுதான் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

அன்று ஒரு நாட்கூலி 1,000 ரூபாய். அதே ஆண்டு செப்டம்பரில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாயாக உயர்ந்தது. தோட்டம் குறித்த கிலோ நிறைந்தால்தான் முழுப் ‘பேர்’. குறைந்தால் அரைப் ‘பேர்’. ஒரு நாளின் உழைப்புக்கு எங்கள் மலைகளில் ‘பேர்’ என்று பெயர். தராசுத் தட்டிலே தினந்தோறும் தன் பேரை நிறுத்துக் காட்டவேண்டிய மக்கள் உலகில் வேறெங்கேனும் உண்டோ, அறியேன்.

விடைபெறும்போது, “இந்த மலைக்கு என்ன பெயர்?” என்று பொதுவாகக் கேட்டேன். வழிகாட்டி முந்திக்கொண்டார். “ஏழாம் நம்பர் சேர். தாய்ச்செடியில கிள பறிச்சு நட்ட தேயில.”

“ஏழாம் நம்பர் தொர வச்ச பேரு” என்றாள் முதியவள். “இது புள்ளபெத்தா மல.”

அவளுடைய பாட்டி காலத்தில், நிறைமாதக்காரி ஒருத்தி அரைப்பேர் ஆகிவிடுமே என்று வலியை அடக்கிக்கொண்டு கொழுந்து எடுத்தாளாம். அந்தக் கல்லடியில் பிள்ளை பிறந்ததாம். காலையில் கூடையோடு ஏறினவள் மாலையில் பிள்ளையோடு இறங்கினாள். “கொழுந்த மத்தவளுங்க நிறுத்துக் குடுத்தாளுங்களாம். முழுப் பேர் விழுந்திச்சாம்” என்று முடித்தாள். பிறந்தது ஆணா பெண்ணா என்று அவளுக்குத் தெரியவில்லை. முழுப் பேர் விழுந்தது மட்டும் மூன்று தலைமுறையாக நினைவிருக்கிறது.

வழிகாட்டி வாய் திறக்கவில்லை. அந்த மலைக்கு இரண்டு மைல் தொலைவில் பிறந்தவர் அவர். வெளிநாட்டாரை இவ்வழியே பலமுறை அழைத்து வந்தவர். இந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. கால்மணி நேரம் நடந்தபின், சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு கொப்பியை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

பெயருள்ள கல்லறை

மாலை நாலரை மணியளவில் பொகவந்தலாவையில் இறங்கினோம். அங்கே பரிசுத்த மரியாள் தேவாலயத்தின் முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. புகைப்படக் கலையின் தொடக்ககாலத்து மேதைகளுள் அவர் ஒருவர். டெனிசன், டார்வின் முதலியோரின் முகங்களை இன்று உலகம் அறிவது அவர் எடுத்த படங்களாலும்தான். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் மலைநாட்டில் காலமானார். கணவரும் அவரருகிலேயே அடக்கமானார்.

இலங்கையிலும் அவர் படம் எடுத்தார். அப்படங்களிற் சிலவற்றில் தோட்டங்களில் வேலை செய்த நம்மவர் இருக்கிறார்கள். மிக நல்ல படங்கள். முகத்திலுள்ள சோர்வும் கண்ணிலுள்ள கூர்மையும் கெடாமல் இருக்கின்றன. ஆனால் இங்கிலாந்தில் எடுத்த படங்களுக்குக் கீழே பெயர் இருக்கிறது; இவற்றிற் பெரும்பாலும் இல்லை. அம்மையாரைக் குறைசொல்ல நான் வரவில்லை. அந்தக் கண்ணாடித் தகட்டில் அவர் காத்துவைத்த அளவுகூட நாம் காத்துவைக்கவில்லை. கோதண்டராம நடேசய்யர் இவர்களுக்காகப் பேசினார், எழுதினார். மீனாட்சியம்மாள் பாட்டாகப் பாடினார். சி. வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டினார். அவர்கள் போனபின் பாட்டுக்கள் அச்சிலே நிலைத்தன. மலைகளின் பெயர்களோ ஒரு முதியவளின் நாவிலே தங்கியிருக்கின்றன.

பள்ளத்தாக்கின் தோட்டப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். கெர்க்கஸ்வோல்ட் என்ற பெயரில் ஸ்கொட்லாந்தில் ஓர் ஊர் இருக்கிறது. லெதண்டி என்பதும் அந்நாட்டுப் பெயரே. தாய்நாட்டைப் பிரிந்து வந்த துரைமார் தம் ஊர்ப்பெயரைப் பலகையில் எழுதி நட்டார்கள். தாய்நாட்டைப் பிரிந்து வந்த நம் பாட்டன்மாருக்குப் பலகை இல்லை. அவர்கள் வைத்த பெயர்கள் தேசப்படத்தில் ஏறவில்லை. எழுதத் தெரியாதவர்கள் வைத்த பெயர் அவர்களோடு போயிற்றென்றால் அதில் நியாயமுண்டு. எழுதத் தெரிந்த பேரப்பிள்ளைகள் இருந்தும் போயிற்றென்றால் அதற்கு எங்களைப் போன்ற ஆசிரியர்களே பொறுப்பு.

இரவு

இரவு தங்கியது பழைய கட்டடமொன்றில். குளிர் கதவிடுக்கால் நுழைந்தது. கால்கள் மரத்துப்போயிருந்தன. வழிகாட்டியும் நானும் அடுப்பருகே உட்கார்ந்து, அன்று வந்த வழியை ஒரு தாளில் கோடாக வரைந்தோம். கல் அடுக்கிய பாதை, பீலி, மாடசாமி கோயில், புள்ளபெத்தா மலை. நாலைந்து பெயருக்குமேல் எங்களால் நிரப்ப முடியவில்லை. எண்களாக இருந்த இடங்களே மிகுதி.

2023 யூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியே பலர் நடந்து ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தனர். செய்திகளில் அதைப் பார்த்தேன், மனம் உருகினேன், நாற்காலியிலிருந்து எழவில்லை. அந்நடை வந்து சேர்ந்த வழி. இந்நடை வந்தவர்கள் வாழ்ந்த வழி. இரண்டையும் நம் பிள்ளைகள் அறியவேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய திட்டம் வேண்டாம், நிதி வேண்டாம். பாடசாலைக்கு அண்மையிலுள்ள தோட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை பத்துப் பிள்ளைகளோடு நடந்து போங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மலையின் பெயரை ஒரு கிழவியிடம் கேட்டு வரட்டும். அந்தப் பெயர் ஏன் வந்தது என்றும் கேட்கட்டும். அடுத்த கிழமை வகுப்பில் அதை எழுதட்டும். கேட்கக்கூடிய கிழவிகள் இன்னும் சிலகாலமே இருப்பார்கள்.

விளக்கை அணைக்கப் போகையில் வழிகாட்டி கேட்டார்: “சேர், நாளைக்கு டயகமைக்குப் போற வழியில எனக்குப் பேரு தெரியாத மல நெறைய இருக்கு. மலைக்கு மல நின்னு கேட்டுக்கேட்டுப் போவமா? பொழுதுபட்டுரும்.”

“படட்டும்” என்றேன்.